பாட்டுக்கு அடியில் கிடந்த படம்

லப்டொப்பின் அடிமூடியைக் கழற்றியதும் முதலில் வெளியே வந்தது ஒரு கரப்பான் பூச்சி. உயிரோடு வந்தது. என் கையில் ஏறி, மேசை விளிம்பால் இறங்கி, அலுமாரிக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டது. அதற்குப் பின்னால் வந்தது நாற்றம். கருகின றப்பர், பூச்சி எச்சம், வருசக்கணக்காய் வெயில் காணாத துணி, எல்லாம் சேர்ந்து ஊறின ஒரு நாற்றம். காற்றாடி இதழ்களுக்கிடையில் தூசி பஞ்சாய் அடைந்து கிடந்தது. மூலைகளில் கபில நிற முட்டைக் கூடுகள். பழைய பற்பிரஷ் ஒன்றால் சுரண்டச் சுரண்ட அவை உடைந்து ஒட்டின. குசினி வாசலில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்ட என் மனைவி, அந்த மேசையில்தான் இராச் சாப்பாடு வைக்க வேண்டும் என்று ஞாபகப்படுத்திவிட்டுப் போனாள்.

இந்த விசர் வேலைக்கெல்லாம் காரணம் தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிதான ஒரு கறுப்புச் சாமான். அடப்டர். மட்டக்களப்பிலிருந்து வதனி பஸ் கொண்டக்டரிடம் கொடுத்துவிட்டிருந்தாள். காலையில் திருகோணமலை பஸ் ஸ்டாண்டில் போய்ப் பெயர் சொல்லி வாங்கி வந்தேன். அதன் ஒரு பக்கத்தில் பழைய ஹார்ட் டிஸ்க்கின் ஊசிகள் பொருந்துகிற வாய், மறு பக்கத்தில் வயர். லப்டொப் செத்துப் போயிருந்தாலும் உள்ளே இருக்கிற டிஸ்க்கைக் கழற்றி இதில் கொழுவி, வேறொரு கம்பியூட்டரில் சொருகினால் போதுமாம். பழையதெல்லாம் வந்துவிடுமாம். இருபது வருசத்துக்குக் கிட்ட நான் கட்டிக் காத்த ஒரு சாட்டுக்கு இப்படி ஒரு முடிவு, அதுவும் பொலித்தீன் பையில், பஸ்ஸில் வந்து சேர்ந்தது.

வதனி தொலைபேசிக் கடை ஒன்றில் வேலை செய்கிறாள். "அண்ணை, லப்டொப் செத்தாலும் டிஸ்க் சாகாது. நான் இஞ்ச கடையில எத்தினை பேருக்கு எடுத்துக் குடுக்கிறன்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அம்மாவுக்கு சீனி வருத்தத்தால ஒரு கண் போயிட்டுது. மற்றதும் மங்கிக்கொண்டு வருது. அதுவும் போக முதல் அண்ணாவை ஒருக்காக் காட்டிப்போட வேணும்."

அண்ணா என்றால் சசி. அவளுடைய தமையன், பூமணியம்மாவின் ஒரே மகன். போனவன் போனவன்தான். அவனுடைய படம் என்று இந்த உலகத்தில் எங்காவது ஒன்று இருக்குமானால் அது என் லப்டொப்பில் இருக்கிறது என்று தாயும் மகளும் இத்தனை வருசமாய் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நம்ப வைத்தவன் நான். அது அங்கே இல்லை என்பதும் எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

திருகாணிகள் கறள் பிடித்திருந்தன. ஒன்றைக் கழற்றுவதற்குள் விரல் நுனி கிழிந்தது. அந்த நாற்றத்துக்குள் கருவாட்டு வாசம் ஒன்று மெல்ல வந்ததாக எனக்குப் பட்டது. பிரமைதான், லப்டொப்புக்குள் கருவாடு எங்கிருந்து வரும்? ஆனால் பூமணியம்மா என்னைத் தேடி வரும் நாட்களில் சும்மா வந்ததில்லை. சுங்கான் கருவாடு, காய வைத்த இறால், ஒரு தடவை வெருகல் பக்கத்து எருமைத் தயிர் ஒரு முட்டி. நான் வேண்டாம் என்பேன். அவர் மேசையில் வைத்துவிட்டு, "தம்பி, அந்தப் பெட்டி சரி வந்துதோ?" என்று கேட்பார். நான் அலுமாரியைத் திறந்து, பழைய சேர்ட்டில் சுற்றி வைத்த லப்டொப்பை எடுத்து, சுவிட்சை அழுத்திக் காட்டுவேன். பாருங்கோ, பத்துதில்லை. அவர் தலையாட்டிவிட்டுப் போவார். பிறகு நான் அந்தக் கருவாட்டைச் சுட்டுத் தின்பேன். நல்ல ருசியாகவும் இருக்கும், அதை ஏன் மறைப்பான்.

நான் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். சமாதானம் சமாதானம் என்று வாய் ஓயாமல் கதைத்துவிட்டு, பிறகு அந்தச் சொல்லையே எல்லாரும் விட்டுவிட்ட காலம். மூதூர்ப் பக்கமும் வெருகல் பக்கமும் ஷெல் அடி. சனம் தோணியிலும் நடையிலுமாய்ப் பிரிந்து திக்குத் திக்காய் ஓடியது. எங்கள் கந்தோர் துறைமுக வீதியில் ஒரு மாடி வீடு. யன்னலைத் திறந்தால் டீசலும் அழுகின பாசியும் கலந்த மணம். பூட்டினால் எங்களுக்கு மேலாளாய் இருந்த கோடினேற்றர் ஐயா பூசிக்கொண்டு வருகிற சென்ற் வாசம். இரண்டில் எது பரவாயில்லை என்பதை அந்தந்த நாள் வெக்கையைப் பார்த்துத்தான் தீர்மானிப்போம்.

என் வேலை, இடம்பெயர்ந்து பள்ளிக்கூடங்களில் தங்கியிருக்கும் சனத்திடம் போய், என்ன நடந்தது என்று கேட்டு, வந்து கம்பியூட்டரில் கட்டம் கட்டமாய் அடிப்பது. ஒருவன் எப்படிக் காணாமல் போனான் என்பதை எழுதுவதற்கு ஒரு சின்னக் கட்டம் இருந்தது. ஒரு தாய் ஒரு மணித்தியாலம் அழுது சொன்னதை அந்தக் கட்டத்துக்குள் திணிக்க வேண்டும். மிஞ்சினால் நறுக்க வேண்டும். நான் நறுக்குவதில் கெட்டிக்காரன். "கதை வேண்டாம் தம்பி, எனக்கு எண்ணிக்கை வேணும்" என்பார் கோடினேற்றர். அவரைக் குற்றம் சொல்ல இப்போது எனக்கு வாய் இல்லை. ஆனாலும் சொல்கிறேன். போசாக்கின்மை பற்றி ஹோட்டலில் கருத்தரங்கு வைத்துவிட்டு, மிஞ்சின இறாலைத் தன் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போன மனிதர் அவர். சோறு சுற்றி வந்து நாங்கள் எறிந்த லஞ்ச் சீற்றுகளை, ஊருக்குள் திரிகிற மான்கள் கேற்றடியில் நின்று மென்றுகொண்டிருக்கும். மான் பொலித்தீன் தின்பதைக் கிட்ட நின்று பார்த்திருக்கிறீர்களா? எச்சில் வடிய, கண்ணை மூடிக்கொண்டு, தழை தின்பதைப் போலவே தின்னும்.

பூமணியம்மாவை அந்தப் பள்ளிக்கூடங்களில் ஒன்றில்தான் கண்டேன். அவருக்கு வெருகலுக்குக் கிட்ட ஒரு கரையோர ஊர். ஷெல் அடிக்கு முந்தின மாதமே மகன் காணாமல் போயிருந்தான். சைக்கிளில் மீன் பெட்டியைக் கட்டிக்கொண்டு விற்கப் போனவன் திரும்பவில்லை. தேடிப் போனபோது சைக்கிள் மட்டும் தெருவோரத்தில், ஸ்டாண்ட் போட்டு ஒழுங்காய் நின்றதாம். பெட்டி வெறுமையாம். "மீன் எல்லாம் வித்துப்போட்டான் தம்பி" என்று அவர் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் அதைக் கட்டத்தில் எழுதவில்லை. இடம் போதவில்லை.

ஊரில் வீடு எரிந்துபோக, மிஞ்சியது ஒரேயொரு படம். அடையாள அட்டைக்காக ஸ்டூடியோவில் எடுத்தது, ஒரு கொப்பி மட்டும். அதைக் குடும்ப அட்டையோடு சேர்த்து, கட்டுச்சோறு கட்டுவதுபோல பொலித்தீனில் மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டு கந்தோருக்கு வந்தார். வதனி தாயின் சீலையைப் பிடித்தபடி நின்றாள். நான் படத்தை ஸ்கானரில் கவிழ்த்தேன். கண்ணாடிக்குக் கீழே வெளிச்சம் நகர்ந்தபோது பூமணியம்மா பதறிப்போனார். அந்த வெளிச்சம் படத்தை வெளிறப் பண்ணிப்போடாதோ என்று கேட்டார். நான் சிரித்தேன். அப்போது எனக்கு இருபத்திமூன்று வயது, கம்பியூட்டர் தெரிந்தவன் என்ற கொழுப்பு வேறு.

"பயப்பிடாதேங்கோ அம்மா. உங்கட கையில இருக்கிறது துலைஞ்சாலும் இதுக்குள்ள இருக்கிறதுக்கு அழிவில்லை" என்றேன்.

அழிவில்லையாம். இதைச் சொன்ன வாயைக் கழுவுவதற்கு எந்தச் சவர்க்காரமும் காணாது.

அந்த நாட்களில் கந்தோர்கள் சோதிக்கப்படுகின்றன என்று ஒரு பேச்சு அடிபட்டது. அதனால் லப்டொப்பை ஒவ்வொரு நாளும் என் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று கோடினேற்றர் சொல்லிவிட்டார். என் வீடு பாலையூற்றில். போகிற வழியில் செக்பொயின்ற். மண்மூட்டை, தார்ப் பீப்பா, இறங்கி நடக்க ஒரு கம்பி வழி. லப்டொப் கொண்டு போகிறவனைக் கண்டால் திறந்து காட்டச் சொல்வார்கள். கம்பியூட்டர் வைத்திருந்த எல்லாருக்கும் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. முன்னுக்கே கண்ணில் படுகிறமாதிரி சினிமாப் பாட்டுகளை நிரப்பி வைப்பது. பாட்டைக் கண்டால் ஆமிக்காரனின் முகம் இளகிவிடும். ஒரு நாள் ஒருவன் என் லப்டொப்பை மண்மூட்டை மேல் வைத்து ஒரு பாட்டு முழுவதையும் ஓட விட்டு, காலால் தாளம் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் தந்தான். பின்னால் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள்.

ஒரு நாள் காலையில் கந்தோர் வாகனச் சாரதி ரபீக் நானா குறிஞ்சாக்கேணியிலிருந்து வந்ததும் வராததுமாய் ஒரு செய்தி சொன்னார். வேறொரு கந்தோரில் வேலை செய்த பெடியனை முதல் நாள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்களாம். அவனுடைய கம்பியூட்டரில் காணாமல் போனவர்களின் படங்கள் இருந்தனவாம். அன்றைக்கு முழுக்க என்னால் ஒரு வாய் தேத்தண்ணீர் குடிக்க முடியவில்லை. பின்னேரம் நாலு மணிக்கு, எல்லாரும் இறங்கிப் போன பிறகு, படங்கள் இருந்த போல்டரைத் திறந்தேன். எல்லாம் முகங்கள். மற்றவர்களிடம் வேறு கொப்பி இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சசியின் படத்தைக் கண்டபோது, தாயிடம் அசல் இருக்கிறதே என்று சொல்லிக்கொண்டேன். முழுவதையும் அழித்தேன்.

மேசை லாச்சிக்குள் வெற்று சீடி இருந்தது. அதை இன்று வரைக்கும் நான் மறக்கவில்லை. அழிக்க முதல் ஒரு கொப்பி அடித்து, ரபீக் நானாவிடம் கொடுத்திருந்தாலே கறிச்சட்டிக்கு அடியில் ஒளித்து வைத்திருப்பார். எனக்குத் தோன்றாமல் இல்லை. சீடி பிடிபட்டால் என்னில்தானே வந்து முடியும் என்றுதான் யோசித்தேன். அந்த நேரத்தில் ரபீக் நானா வாகனத் திறப்பு எடுக்க மேலே வந்தார். வெறுமையான போல்டரைக் கண்டவருக்கு விசயம் விளங்கிவிட்டது. "வெறுமையா வைக்காதீங்க தம்பி, அப்பதான் அவனுக்குச் சந்தேகம் வரும். பாட்டைப் போட்டு நிரப்புங்க" என்று தன் பையிலிருந்த சீடியைத் தந்தார். நான் அதிலிருந்த பாட்டுகளை அள்ளி அந்த போல்டருக்குள் கொட்டினேன்.

அன்றைக்குச் செக்பொயின்றில் மழை. குடைக்குள் நின்ற ஆமிக்காரன் லப்டொப்பைத் திறக்கச் சொல்லவில்லை. சாப்பாட்டுப் பெட்டியைத் தட்டி என்ன கறி என்று கேட்டான். வெறும் பெட்டி என்றேன். சிரித்துவிட்டுப் போகச் சொன்னான்.

இதோடு முடிந்திருந்தால் பயந்தவன் என்று மட்டும் என்னைச் சொல்லலாம். அதுக்கும் மேலே ஒன்று இருக்கிறது. இரண்டு கிழமைக்குப் பிறகு பூமணியம்மா படியேறி வந்தார். விசாரிக்கிறவர்கள் என்று கழுத்துப்பட்டி கட்டின பெரிய மனிதர்கள் சிலர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்களாம். படத்தின் அசல்தான் வேண்டும் என்கிறார்களாம். அவர் கையில் அதே பொலித்தீன் சுற்று. பக்கத்து மேசையில் கோடினேற்றர் இருந்தார்.

"உங்களிட்ட ஒண்டு கிடக்குத்தானே தம்பி? இதைக் குடுக்கட்டோ?"

"ஓம் அம்மா, குடுங்கோ" என்றேன்.

கோடினேற்றருக்கு முன்னால் அழித்துவிட்டேன் என்று சொன்னால் வேலை போய்விடும் என்று பயம். அவர்கள் திருப்பிக் கொடுப்பார்கள் என்று ஒரு நப்பாசை. இப்போது எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் சரி, நான் சொன்னது அந்த ஒரு சொல்தான். அவர் நிம்மதியாய்ப் படியிறங்கிப் போனார். கழுத்துப்பட்டிக்காரர்கள் படத்தை வாங்கிக்கொண்டு போனதோடு சரி, அவர்களுடைய கந்தோர் எங்கே இருந்தது என்பதுகூடப் பிறகு ஒருவருக்கும் தெரியவில்லை. பூமணியம்மா கொப்பி கேட்டு வந்தபோது லப்டொப் பழுது என்றேன். கொஞ்ச நாளில் அது மெய்யாகவே பழுதாகியது. அப்படி ஒரு சந்தோசம் எனக்கு! கந்தோரைப் பூட்டும்போது பழைய சாமான்களை ஆளுக்கொன்றாய்ப் பிரித்துக் கொடுத்தார்கள். நான் அதைத்தான் கேட்டு வாங்கினேன்.

சரி, டிஸ்க்குக்கு வருவோம். அடப்டரில் கொழுவி, வீட்டுக் கம்பியூட்டரில் சொருகினேன். சுழலக் கூடாது என்று மனதுக்குள் கும்பிட்டேன். அந்தச் சனியன் ஒரு முறை இருமிவிட்டு அழகாய்ச் சுழன்றது. எல்லாம் பத்திரமாய் இருந்தன. கருத்தரங்குகள். ஒரே உரையின் பதினொரு பிரதிகள். கோடினேற்றர் றிபன் வெட்டுகிறார், கோடினேற்றர் குத்துவிளக்குக் கொளுத்துகிறார். தட்டில் அடுக்கிய றோல்ஸும் பற்றிஸும், அதைக்கூட எவனோ மூன்று பக்கத்தால் படம் எடுத்து வைத்திருந்தான். எண்ணெய் வடிகிற றோல்ஸ் இருபது வருசம் கெடாமல் இருக்கிறது. எனக்கு வந்த அருவருப்புக்கு அந்த டிஸ்க்கைத் தூக்கிக் கிணற்றில் எறிந்திருப்பேன்.

எறியாததற்குக் காரணம் வதனி சொன்ன இன்னொரு விசயம். அழிந்துபோனதையும் தேடி எடுக்கிற ஒரு மென்பொருளின் பெயரை அனுப்பியிருந்தாள். "ஆக்கள் தெரியாமல் அழிச்சுப்போட்டும் கொண்டு வருவினம் அண்ணை. சில வேளை வரும்" என்றாள். 'தெரியாமல்' என்பதை அவள் சும்மாதான் சொன்னாளா என்று எனக்கு இன்னும் தெரியாது.

மத்தியானம் வரைக்கும் ஓடியது. பட்டியலில் சசியின் பெயர் வந்தது, சிவப்புப் புள்ளியோடு. பக்கத்தில் ஒரு குறிப்பும் இருந்தது. இந்தப் படம் கிடந்த இடத்தின் மேல் இன்ன கோப்பு எழுதப்பட்டிருக்கிறது என்று, கோப்பின் பெயரோடு. அது ஒரு பாட்டு. படத்தைத் திறந்து பார்த்தேன். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலைமயிர். இடது பக்கம் நேரான வகிடு. நெற்றி. இரண்டு புருவம். புருவத்துக்குக் கீழே ஒன்றுமில்லை, வெறும் சாம்பல் நிறம். கண் தொடங்க வேண்டிய இடத்தில் படம் முடிந்துவிட்டது.

அதையும் அழித்துவிட்டு, டிஸ்க் பழுது என்று சொல்லிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. உங்களிடம் ஏன் ஒளிப்பான், வந்தது. இந்த வயதிலும், அந்தத் தாயின் கண்ணுக்குத் தவணை சொல்லப்பட்ட பிறகும் என் மூளை முதலில் ஓடியது அந்தப் பக்கம்தான். சீ என்று போய்விட்டது. படத்தை வதனிக்கு அனுப்பிவிட்டு, வீட்டில் இருக்க ஏலாமல் மோட்டர் சைக்கிளை எடுத்தேன்.

துறைமுக வீதிக்குப் போகிற வழியில் செக்பொயின்ற் இருந்த இடத்தில் நின்றேன். மண்மூட்டை இல்லை, பீப்பா இல்லை, கம்பி வழி இல்லை. ஒரு பழரசக் கடை. வெள்ளைக்காரப் பிள்ளைகள் இரண்டு பேர் குடித்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் கந்தோர் மாடியில் இப்போது வாடகை அறைகள். ரபீக் நானா மௌத்தாகிப் பல வருசம். லப்டொப்பைத் திறந்து காட்டு என்று கேட்க ஒருவரும் இல்லை. அங்கே என்ன இருந்தது என்று சொல்வதற்கு ஒரு அடையாளக் கல்கூட இல்லை. ஒரு மான் மட்டும் கடையின் குப்பைக் கூடைக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றது.

தொலைபேசி அடித்தது. வதனியின் நம்பர், ஆனால் குரல் பூமணியம்மாவினது.

"அவன்ர தலைதான் தம்பி. வகிடு நான் எடுத்துவிட்டது. கண்ணுக்குக் கிட்டப் பிடிச்சுப் பாத்தனான், விளங்குது." மூச்சு வாங்கினார். "இவ்வளவு காலமும் பத்திரமா வைச்சிருந்தீங்கள், ஆண்டவன் உங்களுக்கு ஒரு குறையும் விடான். மிச்சம் எப்ப வரும்?"

பாப்பம் அம்மா என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. இத்தனை வருசமாய் அதையே சொல்லிப் பழகின நாக்கு. அதை விழுங்கினேன். மிச்சம் வராது என்றேன். பழுதாகி அழியவில்லை, நான்தான் அழித்தேன் என்றேன். அசலைக் குடுக்கட்டோ என்று அவர் கேட்ட நாளிலேயே அது அழிந்துதான் இருந்தது என்றேன். ஆமிக்குப் பயந்து, அதற்கு மேலே பாட்டுப் போட்டு நிரப்பினேன் என்றேன். எல்லாவற்றையும் தெருவில் நின்றபடி, பழரச மெசின் இரைகிற சத்தத்துக்கு நடுவில் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. அழவும் இல்லை.

"என்ன பாட்டுத் தம்பி போட்டனீங்கள்?" என்று கேட்டார்.

"ஞாபகம் இல்லை அம்மா" என்றேன்.

பொய். அது ஒரு குத்துப் பாட்டு. பெயர் மத்தியானத்திலிருந்து கம்பியூட்டரில் சசியின் பெயருக்குப் பக்கத்தில் எழுதிக் கிடக்கிறது. மூன்று சரணமும் எனக்கு முழுப் பாடம்.